காட்டம் அடங்கிய பிறகு

பாரில் இரண்டு மதுவை ஒப்பிட்டுப் பேசும்போது அதிகம் காதில் விழும் சொல் ‘ஸ்மூத்’. அதற்கு எதிர்ப்பக்கம் ‘காட்டம்’. விஸ்கி, ரம், பிராந்தி, டெக்கீலா என்று எது வந்தாலும் இந்த இரண்டு சொல்லிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். ஆனால் மதுவின் குணத்தைப் பற்றி இவை மிகக் குறைவாகவே சொல்கின்றன. ஆல்கஹால் எத்தனை சதவீதம், எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, சர்க்கரை சேர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும்தான் நாக்கு இப்படிச் சொல்லிக்கொள்கிறது. இனிப்புச் சேர்த்த 40 சதவீத ரம் ஒன்றையும், எதுவும் சேர்க்காத 57 சதவீத ரம் ஒன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்து ருசித்தால் முதலாவதுதான் ஜெயிக்கும். இரண்டாவதில் அளந்து தண்ணீர் விட்டு, அதையும் 40க்குக் கொண்டுவந்த பிறகு ருசித்துப் பாருங்கள். பல நேரம் தீர்ப்பு மாறிவிடும்.

காட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் ஆல்கஹாலுக்கும் பதில் சொல்கிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு பட்டால்தான் அந்த ஏற்பி ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். ஆல்கஹால் பட்டவுடன் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. வாயின் சூடு அதைவிட அதிகம். ஆக, நம் வாயின் சொந்தச் சூட்டையே நாம் எரிச்சலாக உணர்கிறோம். ஐஸ் போட்டால் ‘ஸ்மூத்’ ஆவதற்கும் இதுவே காரணம். மதுவில் எதுவும் மேம்படவில்லை, வாய் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் மிடறை ஒருபோதும் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு. ஒரு நிமிடம் கழித்து வரும் இரண்டாவது மிடறிலிருந்துதான் மது பேசத் தொடங்கும்.

எவ்வளவு, எதில், எப்போது

ஒருவருக்கு ஒரு வகைக்கு 15 மில்லி போதும். ஒரு உட்காரலில் நான்கு வகைக்கு மேல் வேண்டாம். இது ஒழுக்கப் பாடம் இல்லை, கணக்கு. 15 மில்லி வீதம் நான்கு என்றால் 60 மில்லி. 40 சதவீதத்தில் அதில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி, எடையில் ஏறத்தாழ 19 கிராம். கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஐந்தாவது கிளாஸுக்கு வரும்போது மூக்கும் கவனமும் மந்தமாகிவிட்டிருக்கும், ஆனால் தன் கணிப்பின் மேல் நமக்கு நம்பிக்கை மட்டும் கூடியிருக்கும். ஐந்தாவது எப்போதும் ‘இன்றைக்குக் குடித்ததிலேயே சிறந்தது’ ஆகிவிடுவது இப்படித்தான். ஆறு, ஏழு வகை பார்த்தே ஆக வேண்டுமென்றால் துப்புவதற்கு ஒரு காலிக் கோப்பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொழில்முறையில் கலவை செய்பவர்கள் பெரும்பாலும் முகர்ந்தே முடிவு செய்கிறார்கள், வாயில் விட்டாலும் துப்பிவிடுகிறார்கள். பாரில் அதைச் செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், எனவே வண்டியை எடுக்கக் கூடாது.

பல பார்களில் 30 மில்லிக்குக் குறைவாக ஊற்ற மாட்டார்கள். இரண்டு பேர் போய், ஒவ்வொரு 30 மில்லியையும் இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றித் தரச் சொல்வதுதான் எளிய வழி. நான்கையும் ஒன்றாக மேசையில் வரவழைக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வரவழைத்தால் நீங்கள் ஒப்பிடுவது மதுவோடு மதுவை அல்ல, மதுவோடு ஞாபகத்தை. மணத்தின் நுணுக்கம் ஞாபகத்தில் அப்படியே நிற்காது.

கிளாஸ் விஷயத்தில் பிடிவாதமாக இருக்கலாம். அகன்ற வாயுள்ள டம்ளர் ஐஸ் போட்டுக் குடிக்க ஏற்றது, முகர்வதற்கு ஆகாது. அடியில் பருத்து மேலே குறுகும் துலிப் வடிவம் வேண்டும். கிளென்கேர்ன் என்று சொல்லப்படும் விஸ்கி கிளாஸ் அந்த வடிவம்தான். அது இல்லாத பாரில் சின்ன ஒயின் கிளாஸ் கேளுங்கள், வேலை நடக்கும். எதுவானாலும் எல்லா மதுவுக்கும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். கிளாஸ் வந்தவுடன், மது ஊற்றும் முன்பே முகர்ந்து பாருங்கள். கழுவும் திரவத்தின் வாசனை, துடைத்த துணியின் ஈர நாற்றம், கவிழ்த்து வைத்த ரப்பர் விரிப்பின் வாடை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். வெறும் வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் ருசிக்கப்போகும் மதுவிலேயே சில சொட்டு விட்டு, கிளாஸைச் சுழற்றி, கொட்டிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

பார் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் இதற்குத் தோதான நேரம். காற்றில் புகை இருக்காது, வாசனைத் திரவியம் பூசிய கூட்டம் இருக்காது, பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் சீவுகிற இடத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். அந்தத் தோலின் எண்ணெய் காற்றில் தெறித்து நிற்கும், பிறகு எல்லா ஜின்னும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் கையில் சோப்பு வாசனை இருந்தாலும் இதே கதைதான்.

பாட்டிலைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போது திறந்தது, எவ்வளவு மீதி இருக்கிறது. அடியில் கால்வாசிதான் இருக்கிறது, திறந்து பல மாதம் ஆகிறது என்றால், பாட்டிலுக்குள் மதுவைவிடக் காற்றுதான் அதிகம். லேசான மணங்கள் முதலில் போய்விட்டிருக்கும். மூடிக்குப் பதிலாக ஊற்றுமுனை செருகியே வைத்திருக்கும் பாட்டிலில் ஆல்கஹாலும் மெல்லப் பறக்கும். பின்னால் விளக்கு எரியும் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில் மின்னும் விலையுயர்ந்த பாட்டில்கள் பார்க்க அழகு. ஆனால் அதிகம் விற்காமல், வெளிச்சத்திலும் சூட்டிலும் நீண்ட நாள் நிற்பவை அவைதான். ஒரு மது பிடிக்கவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் அந்த பாட்டிலின் நிலையையும் கேட்டுவிடுவது நியாயம்.

தண்ணீர்க் கணக்கு

ஒப்பீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆனால் பாரில் யாரும் செய்வதில்லை. எல்லாக் கிளாஸையும் ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கு எளிது: இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, அதில் ஒன்றைக் கழித்து, மதுவின் அளவால் பெருக்கினால் விட வேண்டிய தண்ணீர் கிடைக்கும். 15 மில்லி மது 46 சதவீதம், 40க்கு இறக்க வேண்டும் என்றால் இரண்டே கால் மில்லி. 57 சதவீதம் என்றால் 6.4 மில்லி. 60 சதவீதம் என்றால் 7.5 மில்லி. கலக்கும்போது கன அளவு சற்றே சுருங்கும், ஆனால் இந்த அளவுகளில் அது பொருட்டில்லை.

அளப்பதற்குச் சொட்டுக்குழாய் ஒன்று பையில் இருந்தால் நல்லது, 20 சொட்டு ஏறத்தாழ 1 மில்லி. இல்லாவிட்டால் ஸ்ட்ரா போதும். தண்ணீரில் விட்டு மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்குங்கள். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள ஸ்ட்ராவில் மூன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 1 மில்லி. வாசனையில்லாத, அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீராக இருக்கட்டும். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீர் லேசான மதுக்களைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் விட்டவுடன் முகராதீர்கள். மெல்லச் சுழற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் 2017ல் கணினி மாதிரி வைத்துக் காட்டியது இது: விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகோல் என்ற பொருள், 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது எத்தனால் மூலக்கூறுகளால் சூழப்பட்டுத் திரவத்தின் உள்ளே நிற்கிறது. 45க்குக் கீழே வந்தால் மேற்பரப்புக்கு, அதாவது மூக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ‘தண்ணீர் விட்டால் மணம் திறக்கும்’ என்று பழக்கத்தில் சொல்லிவந்ததற்கு இது ஒரு விளக்கம். கலவை வல்லுநர்கள் 20 சதவீதம் வரை இறக்கி முகர்வது வழக்கம். குறையைத் தேடுவதற்கு அது அருமையான நிலை, எரிச்சல் அறவே போய் அழுக்கெல்லாம் மேலே வந்துவிடும். ஆனால் ரசிப்பதற்கு அந்த நிலை ஆகாது. மதுவின் திடம் போய்விடும், தண்ணீர்க் கஞ்சியாக நிற்கும்.

தண்ணீர் விட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது என்பதால் வரிசை முக்கியம். முதலில் அப்படியே முகர்தல், ராவாக ஒரு சின்ன மிடறு, குறிப்பு எழுதுதல். அதன் பிறகு தண்ணீர். ஐஸ் கடைசியில்தான், அதுவும் மிச்சத்தில். குளிர்ச்சி மணத்தையும் இனிப்பையும் அமுக்கிவிட்டு, மதுவை வைத்திருந்த பீப்பாய் மரத்தின் கசப்பை முன்னால் தள்ளும். ஐஸ் போட்டும் நன்றாக இருக்கும் மது எது என்று தெரிந்துகொள்ள மட்டும் அந்த மிச்சம் பயன்படும்.

சில மதுக்களில் தண்ணீரோ ஐஸோ பட்டதும் லேசாகப் புகைபோல் கலங்கும். பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் இருக்கும் நீண்ட சங்கிலி எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் பொருள்கள்), ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே போகும்போது கரைய முடியாமல் பிரிகின்றன. சோம்பு எண்ணெய் நிறைந்த ஊஸோ, பாஸ்டிஸ் போன்றவை பால்போல் வெளுப்பதும் இதே வகை. மூலிகை எண்ணெய் அதிகமுள்ள ஜின்னும் சில நேரம் கலங்கும். எண்ணெய் தாராளமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

மூக்கும் நாக்கும்

ஒயினை முகர்வதுபோல் கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுத்தால் ஆல்கஹால் ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், அடுத்த சில நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. வேகமாகச் சுழற்றவும் கூடாது, அது ஆல்கஹாலைத்தான் கிளப்பும். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் ஆவியின் ஒரு பங்கு அந்த வழியே போகும், மூக்குக்கு எரிச்சல் குறையும். கிளாஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வேறு வேறு மணம் இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு முகர்தல் இரண்டு வினாடி போதும். நீண்ட ஒரே இழுப்பைவிட இடைவெளி விட்ட மூன்று சின்ன முகர்தல் அதிகம் சொல்லும்.

மூக்கு சலித்துப்போனால் காப்பிக்கொட்டை முகரச் சொல்வார்கள். அது வெறும் காற்றைவிட மேலானது இல்லை. இன்னொரு வலுத்த மணத்தைச் சேர்ப்பதற்குப் பதில், சட்டைக் கைக்குள் உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். உங்கள் மூக்குக்கு நன்கு பழகிப்போன மணம் அது, அதில் புதிதாகத் தெரிய ஒன்றும் இல்லை என்பதால் மூக்கு ஓய்வெடுக்கும். நாக்குக்கு வெறும் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும். எண்ணெயும் காரமும் உள்ள எதையும் ருசி பார்த்து முடியும் வரை தொடாதீர்கள்.

மிடறு சிறியதாக, 2 மில்லி அளவில் இருக்கட்டும். உடனே விழுங்காமல் நாக்கின் மேல் பரப்பி, ஐந்து முதல் பத்து வினாடி உமிழ்நீரோடு கலக்க விடுங்கள். உமிழ்நீரே அதைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அப்போதுதான் வருகிறது, தொண்டையின் பின்பக்கமாக மணம் மேலே ஏறுகிறது. பின்சுவை எத்தனை வினாடி நிற்கிறது என்பதைவிட, என்னவாக மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல மதுவில் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். சுமாரானதில் இனிப்பு மட்டும் நிற்கும், அல்லது கசப்பு மட்டும்.

குறைகளை அடையாளம் காண்பது பாராட்டுகளைவிட எளிது. நெயில் பாலிஷ் வாடை தூக்கலாக இருந்தால், புளிப்பில் உண்டாகும் எத்தில் அசிடேட் மிகுந்துவிட்டது, வடிக்கும்போது முதலில் வரும் தலைப்பகுதியைச் சரியாக வெட்டவில்லை. ஈர அட்டை, நனைந்த நாய், வியர்வைத் துணி மாதிரி இருந்தால் கடைசியில் வரும் வால்பகுதியை அதிகம் சேர்த்துவிட்டார்கள். தீக்குச்சி, எரிந்த ரப்பர் வாடை கந்தகம். ஷெர்ரி ஒயின் வைத்த பீப்பாய்களில் அதிகம் வரும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். பூசணம் பிடித்த ஈரக் கிடங்கு மாதிரி மணமும் மங்கிய சுவையும் என்றால் தக்கை கெட்டிருக்கிறது. பாட்டிலையே மாற்றச் சொல்லலாம். ஒன்றை மட்டும் மூக்கும் நாக்கும் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது: மெத்தனால். எத்தனாலிலிருந்து அதைச் சுவையால் பிரித்தறிய முடியாது. முத்திரை இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மதுவை ‘ருசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது.

கண் சொல்வதை நம்பாதீர்கள். கிளாஸின் உட்பக்கம் இறங்கும் ‘கண்ணீர்’ கோடுகள் ஆல்கஹால் ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசை மாறி உண்டாகின்றன, அவை காட்டுவது பெரும்பாலும் வீரியத்தை. நிறமும் அப்படித்தான். ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, ரம்மிலும் பிரான்ஸின் பிராந்தியான கொன்யாக்கிலும் அப்படியே. அமெரிக்க மக்காச்சோள விஸ்கியான ஸ்ட்ரெய்ட் பர்பனில் எதுவும் சேர்க்க முடியாது, அங்கே நிறத்துக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. பழைய பாட்டில்களில் வீரியத்தைச் சொல்லும் ‘ப்ரூஃப்’ எண்ணைப் பார்த்தால் எந்த நாட்டுக் கணக்கு என்று கேளுங்கள். அமெரிக்காவில் 100 ப்ரூஃப் என்பது 50 சதவீதம், பழைய பிரிட்டிஷ் கணக்கில் 57.15.

எதை எதோடு வைப்பது

ஜின்னையும் கொன்யாக்கையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை. ஒன்று மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் ஜோடிகள்தான் எதையாவது கற்றுத்தரும்.

ரம்மிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இவ்வளவு விரிந்த குடும்பம் வேறு இல்லை. முதல் ஜோடி மூலப்பொருளுக்கு: சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸில் செய்த வயதாகாத வெள்ளை ரம் ஒன்று, கரும்புச் சாற்றில் நேராகச் செய்த மார்த்தினீக் தீவின் அக்ரிகோல் வெள்ளை ரம் ஒன்று. பின்னதில் பச்சைப்புல், வெட்டிய கரும்பு, சில நேரம் ஆலிவ் வாசனைகூட வரும். இரண்டாவது ஜோடி வடிக்கும் முறைக்கு: உயரமான தூண் வடிகலனில் வடித்த லேசான ரம்முக்குப் பக்கத்தில், செம்புக் கொப்பரையில் வடித்த ஜமைக்கா ரம். ஜமைக்காவில் முந்தைய வடிப்பில் மிஞ்சிய கழிவான ‘டண்டர்’ சேர்த்தும் நீண்ட நாள் புளிக்கவைத்தும் எஸ்டரைப் பெருக்கும் வழக்கம் உண்டு. 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் எஸ்டர் வரை அங்கே போகும். அந்த மணம் கனிந்து கறுத்த வாழைப்பழம், அன்னாசி, அதோடு பசை டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. முதல் முறை பலருக்கும் கெட்டுப்போனது என்றே தோன்றும். 20 சதவீதத்துக்கு இறக்கி முகர்ந்தால் அந்த நெடி விலகிப் பழமாகவே நிற்கும். மற்ற மதுக்களில் குறை என்று தள்ளுகிற எத்தில் அசிடேட், இங்கே மற்ற எஸ்டர்களின் கூட்டத்தில் குணமாக மாறிவிடுகிறது. ரம்மை ஆழமாக ருசிக்க விரும்புகிறவர்கள் முதலில் கடக்க வேண்டிய படி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது சோதனை சர்க்கரைக்கு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்புச் சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் ரம் என்ற பெயரில் விற்க முடியாது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, உலர்ந்ததும் விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். இனிப்புச் சேர்த்தது பிசுபிசுக்கும், சேர்க்காதது காய்ந்து போய்விடும். அதே கையை முகர்ந்தால், ஆல்கஹால் பறந்த பிறகு மிஞ்சும் மரமும் கரும்பும் தனியாகக் கிடைக்கும். டெக்கீலாவுக்கும் இதே முறை அருமையாகப் பலிக்கும். லேபிளில் உள்ள எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘சொலேரா 23’ என்று போட்டிருந்தால் அது வயது அல்ல, சொலேரா என்பது மூத்ததையும் இளையதையும் கலந்துகொண்டே போகும் முறை. ஸ்காட்ச்சில் 12 என்று போட்டால் அதில் கலந்ததிலேயே மிக இளையது 12 வருடம் என்று பொருள். இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாகப் படிக்கவே கூடாது.

விஸ்கியில் மிகத் தெளிவான ஜோடி பர்பனும், பர்பன் பீப்பாயில் வளர்ந்த ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டும் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையில் மட்டும் செய்தது). பர்பனுக்கு 51 சதவீதமாவது மக்காச்சோளம் வேண்டும், உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாய் வேண்டும், பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புது மரம் என்பதால் வெனிலாவும் தேங்காயும் முன்னால் வந்து நிற்கும். அதே பீப்பாய் காலியான பிறகு ஸ்காட்லாந்துக்குப் போய், குறைந்தது மூன்று வருடம் மால்ட் விஸ்கியைத் தாங்குகிறது. அங்கே அந்த வெனிலா பின்னால் போய் வாற்கோதுமை முன்னால் வரும். ஒரே மரத்தின் முதல் பிறவியையும் இரண்டாம் பிறவியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இது. அடுத்து, ஒரே வடிசாலையின் பர்பன் பீப்பாய், ஷெர்ரி பீப்பாய் வகைகளை ஒன்றாக வைக்கலாம். பீட் எனும் மக்கிய தாவரமண்ணை எரித்த புகையுள்ள விஸ்கி எப்போதும் வரிசையின் கடைசியில். லேபிளில் பெருமையாகப் போடும் ‘பிபிஎம்’ எண் (புகைப்பொருள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது), மால்ட் தானியத்தில் அளந்தது. வடிக்கும்போது அதில் நிறைய குறைந்துவிடும், எங்கே வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். ஆகவே 50 என்று போட்டது 35ஐவிட வாயில் புகைச்சலாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை.

பிராந்தியில் கொன்யாக்கையும் ஆர்மன்யாக்கையும் வையுங்கள். இரண்டும் பிரான்ஸின் தென்மேற்குதான், திராட்சை ஒயினை வடித்ததுதான். கொன்யாக் செம்புக் கொப்பரையில் இருமுறை வடிக்கப்பட்டு 70 சதவீதத்துக்குச் சற்று மேலே வெளிவருகிறது. ஆர்மன்யாக் பெரும்பாலும் ஒரே முறை, பெரும்பாலும் 50களில் வெளிவருகிறது, ஆகவே கனமான பொருள்கள் அதிகம் தங்குகின்றன. முன்னது பூவும் திராட்சையும், பின்னது உலர்ந்த ப்ளம் பழமும் மண்ணும். வயதைச் சரிசமமாக வைக்காவிட்டால் இந்த ஒப்பீடு வீண். கொன்யாக் லேபிளில் வயதைச் சொல்லும் எழுத்துகளில் விஎஸ் என்றால் குறைந்தது 2 வருடம், விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 2018 முதல் 10. அதற்கு முன் எக்ஸ்ஓவுக்கு 6 வருடமே போதும் என்றிருந்தது, எனவே பழைய பாட்டிலும் புது பாட்டிலும் ஒரே எழுத்தைச் சுமந்தாலும் ஒன்றல்ல.

டெக்கீலாவை, மரம் பார்க்காத ப்ளாங்கோவில்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு மாதம் மரம் பார்த்த ரெப்போசாடோ, ஒரு வருடம் பார்த்த அன்யேஹோ எல்லாவற்றிலும் மரம், டெக்கீலாவின் மூலப்பொருளான ஆகாவே செடியின் மணத்தை மறைக்கத் தொடங்கிவிடும். ‘100 சதவீதம் ஆகாவே’ என்று லேபிளில் இல்லாவிட்டால் 49 சதவீதம் வரை வேறு சர்க்கரையில் செய்திருக்கலாம். லேபிளில் ‘நோம்’ என்று ஒரு எண் இருக்கும், அது வடிசாலையின் எண். வேறு வேறு பெயருள்ள இரண்டு பாட்டிலில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே கூரைக்கடியில் பிறந்தவை. அந்த ஜோடியை ருசித்துப் பார்ப்பது தனிப் பாடம். பக்கத்தில், ஆகாவேயிலேயே செய்யும் இன்னொரு மெக்சிகோ மதுவான மெஸ்கால் ஒன்றை வைத்தால், மண்குழியில் சுட்டதற்கும் அடுப்பிலோ நீராவியிலோ வேகவைத்ததற்கும் உள்ள வித்தியாசம் புகையாக எழும்பும்.

ஜின்னை டானிக் இல்லாமல், 25 சதவீதத்துக்கு இறக்கி முகருங்கள். ஜின்னின் அடிப்படை மணமான ஜூனிப்பர் காய் முதலில் வருகிறதா, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் அதற்குப் பின்னால் நிற்கின்றனவா என்று தெரியும். வோட்காவை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தால் ஒப்பிட ஒன்றுமிருக்காது. அறைச் சூட்டில், பாதிக்குப் பாதி தண்ணீர், வாயில் எண்ணெய்ப்பதமா தண்ணீர்ப்பதமா என்று மட்டும் பாருங்கள்.

வரிசை எப்போதும் இப்படி: மரம் பார்க்காதது முதலில், பிறகு வயதானது, இனிப்பானது, புகையானது. இனிப்பை முதலில் ருசித்துவிட்டால் அடுத்து வரும் எதுவும் வறட்சியாகவும் கசப்பாகவும் தோன்றும். முடித்த பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள். திரும்பும்போது தீர்ப்பு மாறினால் வரிசைதான் முதல் தீர்ப்பை எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

லேபிளின் பிடியிலிருந்து விடுபட ஒரு எளிய சோதனை உண்டு. உங்களால் பிரித்தறிய முடியும் என்று நம்பும் இரண்டு மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இரண்டு கிளாஸிலும் மற்றதை ஒரு கிளாஸிலும் ஊற்றி, கிளாஸின் அடியில் அடையாளம் ஒட்டி, இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 5 மில்லி போதும். எது தனியானது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தரம் சரியாக வரும், எனவே ஒருமுறை சரியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. தொடர்ந்து மூன்று தரம் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நடக்க 27ல் ஒரு வாய்ப்புத்தான். 12 வருடத்தையும் 18 வருடத்தையும் வைத்து இதைச் செய்து பாருங்கள், ஆனால் இரண்டையும் ஒரே சதவீதத்துக்கு இறக்கிவிட்டு. விலை வித்தியாசம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு உங்கள் மூக்கே பதில் சொல்லிவிடும்.

ருசித்து முடித்ததும் பார்டெண்டர் கிளாஸ்களை எடுக்க வருவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். காலிக் கிளாஸ்களை இருபது நிமிடம் அப்படியே விட்டு, ஆல்கஹால் முழுதும் பறந்த பிறகு ஒவ்வொன்றாக முகருங்கள். வோட்கா கிளாஸில் ஒன்றுமே இருக்காது. பர்பன் கிளாஸில் கருகிய மரமும் வெனிலாவும். ஜமைக்கா ரம் கிளாஸில் அந்த வாழைப்பழம் இன்னும் போகாமல் இருக்கும். பீட் விஸ்கி கிளாஸில் அணைந்த அடுப்பின் சாம்பல். குறிப்பேட்டில் கடைசி வரியை இதற்காக ஒதுக்கி வையுங்கள்.